துன்ஹிந்தப் பாதையில் ஒரு தூக்கு நாற்காலி

மரைக்கார் முதலாளியின் மகன் இப்போது மோட்டார் பஸ் வாங்கியிருக்கிறார். ரயிலும் பதுளைக்கே வந்துவிட்டது. கொழும்பிலிருந்து ஊர் பார்க்க வரும் கூட்டங்களை ஸ்டேஷன் வாசலிலேயே ஏற்றி, அருவி, கோயில், தேயிலைத் தொழிற்சாலை என்று சுற்றிக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கூட்டங்களில் வரும் பெண்களுக்குத் துணையாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போன வாரம் வந்தார்கள். அந்த வேலையை அவர்களுக்கு முன்னால் பார்த்தவள் நான். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை; ஆனாலும் அவர்கள் என்னை ஓய்வு பெற்ற கிழவியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்கள்.

"டீச்சர், நடக்க ஏலாதவங்களக் கூட்டத்தோட சேக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்காங்களே, அது ஏன்? முன்னாடி ஒரு நொண்டியம்மா அடம் புடிச்சு ஒரு ஆளக் கொன்னுட்டாங்களாமே?"

பதுளைக் கடைத்தெருவில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அந்த இடத்தில் இருந்தேன். நடந்தது அதுவல்ல. அந்தப் பெண்களுக்குச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஹாலிஎலவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலையேறுகிறவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பியபோது கங்காணி அப்பாவிடம், "ஏன்டா, ஒம் மக படிச்சுட்டா கொழுந்து தானா வந்து கூடையில விழுந்துருமா?" என்று கேட்டார். அப்பா அதற்காக என்னை நிறுத்திவிடவில்லை. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. படிப்பு முடிந்து மிஷன் மருந்துச்சாலையில் கொஞ்சக் காலம் இருந்தேன். படுத்த நோயாளியைத் தூக்குவது, திருப்புவது, வலிக்காமல் உட்காரவைப்பது எல்லாம் அங்கே கற்றவை. அதைக் கேள்விப்பட்டுத்தான் மரைக்கார் முதலாளி என்னை அழைத்தார்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கே இறங்கும் கூட்டங்களை முதலாளியின் குதிரை வண்டிகள் பதுளைக்குக் கொண்டுவரும். முதலாளி ஒல்லியானவர், வெயிலோ மழையோ துருக்கித் தொப்பியும் கறுப்புக் கோட்டும் கழற்றமாட்டார். அவர் சத்தம்போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். வண்டிக்காரர்கள் குனிந்து காதைக் கொடுத்துத் திட்டு வாங்குவார்கள்.

நடக்க முடியாதவர்களும் கூட்டங்களில் வந்தார்கள். பெரும்பாலும் வண்டியிலேயே இருந்துவிடுவார்கள். கக்கத்தில் கட்டை ஊன்றி நடக்கும் ஒரு கொழும்பு வியாபாரி எனக்கு நினைவிருக்கிறார். அப்புத்தளை மலை விளிம்பில் எல்லாரும் இறங்கிப் போய்க் கீழ்நாட்டைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். அவர் வண்டிக்குள் இருந்து குதிரையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி இருப்பவர்களுக்கு முதலாளி எப்போதும் ஒன்று செய்வார். எல்லாரும் பார்த்த இடத்திலிருந்து ஒரு தேயிலைப் பூவோ பன்ன இலையோ பறித்து வந்து கையில் கொடுப்பார். அவர்களும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார்கள். மனதார இரக்கப்பட்டுத்தான் செய்தார். எனக்கு மட்டும் அதைப் பார்க்கப் பிடிக்காது.

வண்டி போகாத இடத்துக்குப் போக விரும்புகிறவர்களுக்குத் தூக்கு நாற்காலி இருந்தது. பிரம்பு நாற்காலி, இருபுறமும் நீளமான மூங்கில், கால் வைக்க ஒரு பலகை, இடுப்பில் கட்ட ஒரு பட்டை. தூக்க நான்கு பேர். எல்லாரும் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டுப்பட்டு டவுனுக்கு வந்தவர்கள். முன்னால் தூக்குபவர்களின் தலைவர் முத்தையா அண்ணன், எங்கள் பக்கத்து லயத்துக்காரர். பின்னால் செல்லன். முத்தையா அண்ணனுக்கு என் வெள்ளைச் சட்டையைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. "வெலகுங்கடா, கவர்னர் பொஞ்சாதி வாராங்க" என்பார். நான் முறைத்தால், "கோச்சுக்காத புள்ள, எங்க லயத்துலருந்து ஒருத்தி சப்பாத்துப் போட்டிருக்கான்னு ஊருக்குத் தெரிய வேணாமா" என்பார்.

நாற்காலி தூக்குவதற்கு ஒரு முறை இருந்தது. இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பிவிடுவார்கள். இருப்பவர் முகம் மேட்டைப் பார்த்திருக்கும். முதுகு பள்ளத்தைப் பார்த்திருக்கும். நேராகக் கொண்டுபோனால் ஆள் முன்னால் சரிந்து விழுந்துவிடுவார். கால் வைக்கும் இடம் முன்னால் போகிறவர்களுக்குத்தான் தெரியும். பின்னால் வருகிறவர்களுக்கு நாற்காலி மறைத்துவிடும். அதனால் முன்னால் இருப்பவர் "கல்லு" என்றோ "பள்ளம்" என்றோ "வழுக்கு" என்றோ குரல் கொடுப்பார். பின்னால் இருப்பவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லும் குரல் கேட்டால்தான் முன்னால் இருப்பவர் அடுத்த அடி வைப்பார். கேட்காவிட்டால் அப்படியே நின்றுவிட வேண்டும். நாற்காலி கூட்டத்தின் கடைசியில் போக வேண்டும் என்பதும், அதன் பக்கத்தில் யாரும் பேசக்கூடாது என்பதும் முதலாளி வைத்த சட்டம்.

பெரிய யுத்தத்துக்கு முந்திய ஒரு வருடம் கொழும்பிலிருந்து கிறிஸ்தவப் பெண்கள் கூட்டமொன்று வந்தது. அவர்களில் ஒருவர் றெபேக்கா அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் பெண்களுக்குப் படிப்பித்தவர், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனவர். என்னை முதலில் பார்த்ததும், "தோட்டத்துப் பிள்ளையோ?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஏழாம் வகுப்புப் பாஸ் பண்ணினவ" என்றேன்.

"நான் அதைக் கேக்கேல்லையே" என்று சிரித்தார். "ஆனாலும் சொன்னது நல்லது."

வரும் வழியிலெல்லாம் அவர் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தார். நாங்கள் போகும்போது மற்றவர்கள் பார்த்து முடித்து, பணிஸ் தின்று, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருப்பார்கள். "அச்சா வடிவு றெபேக்கா, நீங்களும் பாத்திட்டு வாங்கோ" என்று சொல்லிக் கடந்துபோவார்கள். இறக்கங்களில் அவர் எதிரே வெறும் பாதை மட்டும்தான் இருக்கும். ஓரிடத்தில் நாற்காலி போகவே வழியில்லை. முதலாளி வழக்கம்போல ஒரு பூவைக் கொண்டுவந்து நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"ஐயா, நான் பூப் பாக்க வந்தனானோ?"

முதலாளி பூவைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பதுளையில் இரவு தங்கி, மறுநாள் துன்ஹிந்த அருவிக்குப் போவதாக இருந்தது. காலையில் வண்டிகள் புறப்படுமுன் அம்மா முதலாளியைக் கூப்பிட்டார்.

"இண்டைக்கு நான் கடைசியாப் போகமாட்டன். நடுவிலை போகோணும்."

"ஏலாதும்மா. பாதை ஒடுக்கம். நாற்காலிக்குப் பின்னுக்கு ஆள் வந்தா தூக்குறவனுக்கு நெருக்கும்."

"இறக்கத்திலை என்னைத் திருப்பித்தானே கொண்டு போறியள்? பின்னாலை ஆக்கள் வந்தால் அவையின்ரை முகத்தை எண்டாலும் பாத்துக்கொண்டு போவன். நாலு பேரோடை கதைச்சுக்கொண்டு ஒரு இடத்துக்குப் போய் எத்தினை வருஷம் தெரியுமோ? எல்லாரையும் போலக் காசு கட்டினனான். ஒரு நாள். ஒரே ஒரு நாள்."

கூட்டத்தின் காரியதரிசி அம்மாவும் வந்து சேர்ந்துகொண்டார். எல்லாருக்கும் அதுதான் விருப்பம் என்றார். முதலாளி முத்தையா அண்ணனைப் பார்த்தார்.

"தூக்கிறலாங்க மொதலாளி. பக்கத்துல வாய தொறக்காம வந்தாப் போதும்" என்றார் அவர்.

யாரும் பேசமாட்டோம் என்று பெண்கள் ஒத்துக்கொண்டார்கள். முதலாளி வெகுநேரம் யோசித்துத்தான் சரியென்றார்.

அந்தப் பாதையில் ஒருபுறம் மலைச்சரிவு; மறுபுறம் கீழே ஓயா ஆறு. முந்தின இரவு மழை பெய்திருந்தது. வெகு தூரம் முன்னால் முதலாளி, அவருக்குப் பின்னால் பாதிப் பெண்கள், நடுவில் நாற்காலி, பின்னால் மீதிப் பெண்கள். நான் சரிவுப் பக்கமாக நாற்காலியை ஒட்டி நடந்தேன். பள்ளத்துப் பக்கத்து முன்கம்பு முத்தையா அண்ணன் தோளில் இருந்தது. "கல்லு" என்பார், "கல்லு" என்பான் செல்லன். "பள்ளம்." "பள்ளம்." அந்தக் குரல்களும் செருப்புச் சத்தமும் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் வந்த பெண்கள் றெபேக்கா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள், கையாட்டினார்கள். ஒருத்தி தடுக்கி விழப்பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அம்மாவும் குலுங்கினார். அந்த முகத்தை நான் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை.

அருவியின் இரைச்சல் தூரத்தில் கேட்கத் தொடங்கியபோது பின்னால் யாரோ ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தார்கள். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். நான் திரும்பி, "பாடாதீங்கம்மா, ஆளுக்குக் கொரல் கேக்காது" என்றேன்.

பின்னால் வந்த காரியதரிசி அம்மா, "ஆண்டவரைப் பாடுறதுக்கும் கூலிக்காறரிட்டை உத்தரவு கேக்கோணுமோ?" என்றார். சிலர் சிரித்தார்கள். பாட்டு ஏறியது. முன்னால் போன பெண்களும் கீழேயிருந்து பாடினார்கள். றெபேக்கா அம்மா தன்னை மறந்துவிட்டார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பாட, அவரும் கையால் தாளம் போட்டுக்கொண்டு பாடினார். நல்ல கணீரென்ற குரல். அந்தப் பெண்கள் எல்லாரிலும் அவருக்குத்தான் நல்ல குரல்.

இலை அழுகிக் கிடந்த ஒரு பாறை வந்தது. "வழுக்கு!" என்று முத்தையா அண்ணன் குரல் கொடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. செல்லனுக்குக் கேட்கவில்லை, அவன் முதுகுக்குப் பின்னாலேயே பாட்டு. "வழுக்கு!" என்று மறுபடியும் கத்தினார். பதில் வரவில்லை. முறைப்படி நின்றார். அவர் நின்றது தெரியாமல் செல்லன் அடுத்த அடியை வைத்தான். நாற்காலியின் பாரமெல்லாம் கம்பு வழியாக முத்தையா அண்ணனை முன்னே தள்ளியது. பாறையில் கால் வழுக்கி, ஒரு சத்தமும் இல்லாமல் பள்ளத்துக்குள் போய்விட்டார்.

முன்னால் இருந்த மற்றவன் முழங்காலில் விழுந்து கம்பைப் பிடித்துக்கொண்டான். நான் நாற்காலியின் கையைப் பிடித்துச் சரிவுப் பக்கம் இழுத்தேன். பட்டை கட்டியிருந்ததால் அம்மா விழவில்லை. முன்னால் போனவர்கள் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். அது நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று.

கீழே பாறைகளுக்கு நடுவில் அவர் கிடந்தார். தொடை எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. விலாவும் நொறுங்கியிருந்தது. என் சேலைத் தலைப்பைக் கிழித்துத் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். "சட்ட அழுக்காவுது புள்ள" என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை.

நாங்கள் அவரைப் பாதைக்கு ஏற்றியபோது றெபேக்கா அம்மா இடுப்புப் பட்டையைத் தானே அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை இறக்கி விடுங்கோ. அவரை இதிலை கொண்டு போங்கோ."

"அம்மா, நீங்க?" என்றார் முன்னாலிருந்து ஓடி வந்திருந்த முதலாளி.

"நான் இருக்கிறதிலை கெட்டிக்காரி. இறக்குங்கோ."

நானும் செல்லனும் அவரைத் தூக்கி ஓர் ஈரப்பாறையில் உட்காரவைத்தோம். முத்தையா அண்ணனை நாற்காலியில் வைத்துக் கட்டினார்கள். தூக்க மூன்று பேர்தான் இருந்தார்கள். முதலாளி கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு நான்காவது கம்பைத் தோளில் வைத்தார். அந்த வயதில், அந்த ஏற்றத்தில்.

பெண்கள் கூடிநின்று ஜெபம் செய்தார்கள். பிறகு தங்களுக்குள் மெதுவாகப் பேசினார்கள். ஆளைக் கொண்டுபோயாயிற்று, நாம் செய்ய இனி ஒன்றுமில்லை, இவ்வளவு தூரம் வந்தாயிற்று. காரியதரிசி அம்மா எங்களிடம் வந்து, "ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாறம். பயப்பிடாதேங்கோ" என்றார். போனார்கள். திரும்பி வந்தபோது அழுத முகமாகத்தான் வந்தார்கள். ஒருத்தி தன் சால்வையை அம்மாமேல் போட்டாள். மழைக்கு முன்னால் வண்டிக்குப் போக வேண்டுமென்று போய்விட்டார்கள்.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மழை வந்தது. அட்டைகள் வந்தன. அம்மாவின் பாதங்களில் இரத்தம் வழிவதை நான்தான் பார்த்தேன். சேலையைத் தூக்கிப் பார்த்தால் முழங்கால்வரை அட்டை.

"எடு பிள்ளை, எடு. எனக்கு நோகேல்லை" என்றார். நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அதைப் பார்த்துக்கொண்டே, "நீ சொன்னது எனக்குக் கேட்டது" என்றார்.

"என்னங்கம்மா?"

"பாடவேண்டாம் எண்டு சொன்னது. கேட்டிட்டுத்தான் பாடினனான்."

அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

இருட்டத் தொடங்கும்போது செல்லன் ஆட்களோடும் நாற்காலியோடும் வந்தான். ஓடையில் கழுவியிருந்தான்; பிரம்பு நனைந்திருந்தது. "ஆஸ்பத்திரியில போட்டாச்சுங்க. டாக்டர் கால எடுக்கணுங்கிறாரு" என்றான். அம்மாவை ஏற்றிக் கட்டிவிட்டுத் தயங்கினான். "அருவி அந்தத் திருப்பத்துக்கு அங்கிட்டுதாங்க இருக்கு. ஒரு எட்டுக் காட்டிட்டுப் போயிரவாங்க?"

"வேண்டாம். மேலை போங்கோ."

மறுநாள் காலை கூட்டம் பண்டாரவளைக்குப் புறப்பட்டது. றெபேக்கா அம்மா போகவில்லை. நாற்காலியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முத்தையா அண்ணனின் ஒரு காலை எடுத்திருந்தார்கள். உதடு வெடித்துக் காய்ச்சல் அனலாக அடித்தது. அவர் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்துக் கூடைக்கயிறு பட்ட தழும்பு நெற்றியில் தெரிந்தது. அம்மாவைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"அருவி பாத்தீங்களாம்மா?" என்று முத்தையா அண்ணன்தான் முதலில் கேட்டார்.

"இல்லை."

"நானுந்தாங்க. அத்தன தடவ போயிருக்கேன். கால் வைக்கிற எடத்தத்தான் பாப்போம். எறக்கி வச்சதும் மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கச் சொல்லிருவாங்க, பொம்பளைங்க பாக்குற எடம்னு."

அம்மா பேச முயன்றார். குரல் வரவில்லை. பாதையில் கணீரென்று பாடிய அந்தக் குரல்தான்.

முத்தையா அண்ணன் பிழைக்கவில்லை. சாவுக்கு முதலாளி வந்தார். பாடை தூக்க அவருடைய தோள் இடம் கொடுக்கவில்லை. கம்பு அழுத்திய இடம் கன்றிப்போயிருந்தது. அன்றே, இனிமேல் கூட்டங்களோடு நாற்காலி போகாது என்று சொல்லிவிட்டார். வேண்டியவர்கள் தனியாக வரலாம், காசு குறைத்துக்கொள்வார்.

கொழும்புக்குப் போகுமுன் றெபேக்கா அம்மா அவரைக் கூப்பிட்டு, "பாட்டை நிப்பாட்டுங்கோ ஐயா. நாற்காலியை நிப்பாட்டாதேங்கோ" என்றார்.

"பாட்டுக்குப் பூட்டுப் போட ஏலாதும்மா" என்றார் முதலாளி. "நாற்காலிக்குத்தான் போட ஏலும்."

அடுத்த வருடம் அதே பெண்கள் கூட்டம் வருவதாக எழுதியது. கூடவே றெபேக்கா அம்மாவும் தனியாக எழுதியிருந்தார். முதலாளிக்கு வரும் தமிழ்க் கடிதங்களை வாசிப்பதும் பதில் எழுதுவதும் என் வேலை. வாசித்தேன். கூட்டத்தோடு தனக்கும் ஓர் இடம் வேண்டும். எங்கே வைத்தாலும் சரி, கடைசியாக என்றாலும் சரி. ஒருவரும் வாய் திறப்பதில்லை என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தார். முத்தையாவின் மனைவியைப் பார்க்கவேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "எழுதுங்க புள்ள. கூட்டத்தோட எடமில்ல. தனியா வாறதா இருந்தா நானே கூட்டிட்டுப் போறேன்னு நல்ல தமிழ்ல, மனசு நோகாம எழுதுங்க" என்றார். குரல் மிக இறங்கியிருந்தது. நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"அவங்க கடைசியா வாறேன்னு சொல்றாங்க மொதலாளி."

"கேட்டுச்சு."

"பாடினது அவங்க மட்டுமில்ல. மத்தவங்களுக்கு எடம் இருக்கே?"

"அந்தக் கம்பு என் தோள்ல இருந்துச்சு புள்ள" என்றார் முதலாளி. "எழுதுங்க."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் மனசு நோகாமல் அதை எழுதுவதற்கு என்னிடம் தமிழ் இல்லை. பேனாவைத் துடைத்து மேசையில் வைத்தேன்.

"நான் எழுதமாட்டேன் மொதலாளி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மை தொட்டு, "அன்புள்ள அம்மாவுக்கு" என்று மெல்ல எழுதத் தொடங்கினார். நான் கதவைச் சாத்திக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.